மரபணு நோய் என்று சீட்டில் எழுதிவிட்டார்களா? ரிப்போர்ட்டைப் படிக்க ஒரு வழிகாட்டி

என் மகனுக்கு, தசைகள் படிப்படியாகச் சிதையும் மரபணு நோயான டூஷென் தசைச்சிதைவு நோய் என்று உறுதியானபோது அவனுக்கு ஐந்து வயது. முதல் சந்தேகத்திலிருந்து அந்தப் பெயர் வந்து சேர பதினான்கு மாதம் ஆனது. அதில் எட்டு மாதம், இல்லாத கல்லீரல் நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். மிச்ச மாதங்களில் பாதி, கையில் இருந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமலே போனது. நானும் மனைவியும் படித்தவர்கள்தான். ஆனால் மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் சொற்கள் நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத சொற்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தைக்கு 'ஜெனடிக்காக இருக்கலாம், டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்' என்று சொல்லியிருந்தால், ரத்தம் கொடுக்கும் முன்னால் இதைப் படியுங்கள். எங்கள் நோயை வைத்துத்தான் சொல்கிறேன். சொற்களும் வரிசையும் மற்ற மரபணு நோய்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இது மருத்துவ ஆலோசனை இல்லை. மருத்துவர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்வியைக் கேட்பதற்கான தயாரிப்பு.

1. பிறவி நோய், மரபணு நோய், பரம்பரை நோய்: மூன்றும் வேறு வேறு

நம் ஊரில் இந்த மூன்றையும் ஒரே பொருளில்தான் பேசுகிறோம். முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பிறவி நோய் என்றால் பிறக்கும்போதே இருப்பது. காரணம் மரபணுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா அம்மை வந்தால் குழந்தை கண்புரையோடும் காது கேளாமையோடும் இதயக் கோளாறோடும் பிறக்கலாம். அது பிறவிக் குறைபாடு. மரபணு நோய் அல்ல.

மரபணு நோய் என்றால் மரபணுவிலோ, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமிலோ உள்ள மாற்றத்தால் வருவது. அது பிறக்கும்போதே வெளியே தெரிய வேண்டியதில்லை. என் மகன் நன்றாகத்தான் பிறந்தான், கொஞ்சம் தாமதமாக நடந்தான், மூன்று வயதுக்கு மேல்தான் வித்தியாசம் தெரிந்தது. ஹண்டிங்டன் என்ற மூளை நோய் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்கு மேல்தான் தலைகாட்டும்.

பரம்பரை நோய் என்றால் பெற்றோரிடமிருந்து வந்தது. எல்லா மரபணு நோயும் பரம்பரை நோய் ஆகிவிடாது. டவுன் சிண்ட்ரோம் மரபணு சார்ந்ததுதான், 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். ஆனால் பெரும்பாலான குழந்தைகளில் அது கரு உருவாகும் நேரத்தில் புதிதாக நடந்தது. குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்திருக்காது. ரிப்போர்ட்டில் 'டி நோவோ' என்று இருந்தால், பெற்றோரிடம் இல்லாத மாற்றம் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியிருக்கிறது என்று பொருள்.

இந்த வித்தியாசத்தால் பணமும் போகும். மகன் காய்ச்சலுக்கு அட்மிட் ஆனபோது, டிஸ்சார்ஜ் காகிதத்தில் யாரோ 'கன்ஜெனிட்டல்', அதாவது பிறவி, என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் அதையே காரணம் காட்டி கிளெய்மை நிறுத்தியது. காப்பீட்டுப் பத்திரங்களில் 'கன்ஜெனிட்டல் அனாமலி' என்பதற்குத் தனி விளக்கம் இருக்கிறது. வெளியில் தெரிவது ஒரு வகை, உள்ளே இருப்பது இன்னொரு வகை, இரண்டுக்கும் விதிகள் வேறு. காகிதத்தைத் திருத்தி வாங்கவே ஐந்து வாரம் அலைந்தேன். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே டிஸ்சார்ஜ் காகிதத்தை ஒருமுறை வரி வரியாகப் படித்துவிடுங்கள். வார்டிலேயே கேட்டால் பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

2. சீட்டில் உள்ள சுருக்கெழுத்துகள்

மருத்துவர் வேகமாக எழுதுவது மருத்துவருக்காக. ஆனால் வீட்டுக்குப் போய் நாம்தான் அதை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

'சி'க்கும் 'ஓ'வுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு, அதாவது 'சி' கோடு 'ஓ' என்றால் நோயாளி சொல்லும் தொந்தரவு. 'ஹெச்' கோடு 'ஓ' என்றால் முன்பு நடந்தது. 'கே' கோடு 'சி' கோடு 'ஓ' என்றால் ஏற்கனவே உறுதியான நோய். 'ஆர்' கோடு 'ஓ' என்றால் 'இது இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும்'. அதாவது சந்தேகப் பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் சீட்டில் அந்த 'ஆர்' கோடு 'ஓ'வுக்குப் பிறகு நோயின் பெயர் இருந்தது. அது முடிவு என்று நினைத்து மூன்று வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அது உண்மையாகத்தான் போனது என்றாலும், வேறொரு வீட்டில் அது இல்லை என்றும் ஆகலாம். எழுதியவரிடமே கேளுங்கள்: "டாக்டர், இது சந்தேகமா, உறுதியா?"

இன்னும் சில சொற்கள். 'சிண்ட்ரோம்' என்பது பல அறிகுறிகள் சேர்ந்தே வரும் ஒரு தொகுப்பின் பெயர். 'க்ரானிக்' என்றால் நாள்பட்டது. முற்றிவிட்டது என்று பொருள் இல்லை. 'ப்ரோக்ரஸிவ்' என்றால் நாளாக நாளாகக் கூடும். 'ஐடியோபதிக்' என்றால் காரணம் தெரியவில்லை என்பதுதான், அது ஒரு நோயின் பெயர் அல்ல. 'ப்ராக்னோசிஸ்' என்றால் இனி எப்படிப் போகும் என்ற கணிப்பு. 'ஸ்கிரீனிங்' வேறு, 'டயக்னோசிஸ்' வேறு. ஸ்கிரீனிங்கில் பாசிடிவ் என்றால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும் என்று மட்டுமே அர்த்தம். கர்ப்ப கால ரத்தப் பரிசோதனையில் 'ஹை ரிஸ்க்' என்று வந்ததும் குழந்தைக்கு நோய் என்று முடிவுகட்டி அழுதவர்களைக் காத்திருப்பு அறையிலேயே பார்த்திருக்கிறேன்.

3. மரபணு சோதனைக்கு முன் சில நூறு ரூபாய்ச் சோதனை

நாங்கள் விழுந்த பெரிய குழி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகன் தரையிலிருந்து எழும்போது முதலில் குப்புறத் திரும்புவான். இரண்டு கையையும் ஊன்றுவான், பிறகு முழங்காலைப் பிடிப்பான், பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல நிமிர்வான். சோம்பல் என்று நினைத்தோம். கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு இருக்கும். "பேரனுக்குக் காலைப் பார், பயில்வான் கால்" என்று என் அம்மா எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் சொல்வார். அந்த எழும் முறைக்கு கவர்ஸ் அறிகுறி என்று பெயர். அந்தப் பருத்த கெண்டைக்கால், தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்ததால் வந்தது. இரண்டும் எங்கள் கண் முன்னால் இரண்டு வருடம் இருந்தன.

ஒரு காய்ச்சலின்போது ரத்தம் எடுத்தார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு நொதிகளும் கூடி முந்நூறைத் தொட்டிருந்தன. கல்லீரல் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேன், மருந்து, பத்தியம், மாதாமாதம் ரத்தம். ஊரில் மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லியும் கொடுத்தோம். அளவு இறங்கவே இல்லை.

அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன. தசை சிதையும்போது அவை ரத்தத்தில் கலந்து கூடும். அந்த ரிப்போர்ட்டிலேயே, மஞ்சள்காமாலையில் கூடும் பிலிருபின் சரியாக இருந்தது, ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதியும் சரியாக இருந்தது. ஜி.ஜி.டி. தசையிலிருந்து வருவதில்லை. அது சரியாக இருந்து மற்ற இரண்டு மட்டும் தொடர்ந்து கூடுதலாக இருந்தால், "தசையிலிருந்து வந்ததாக இருக்குமா?" என்று கேளுங்கள்.

பிறகு வேறொரு மருத்துவர் அவனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொன்னார். பார்த்துவிட்டு சி.பி.கே. என்ற சோதனையை எழுதினார். சி.கே. என்றும் சொல்வார்கள். சாதாரணமாக இருநூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. அவனுக்கு 14,000க்கு மேல். அதற்கு நாங்கள் கொடுத்தது 450 ரூபாய், ரிப்போர்ட் அன்று மாலையே வந்தது. எட்டு மாதக் கல்லீரல் வைத்தியத்துக்கு அதற்குள் நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒவ்வொரு நோய்க்கும் இப்படி ஒரு மலிவான முதல் சோதனை பெரும்பாலும் இருக்கும். தலசீமியா என்ற ரத்த நோய் சந்தேகம் என்றால் சாதாரண ரத்த எண்ணிக்கையும் ஹெச்.பி.எல்.சி. என்ற ஹீமோகுளோபின் சோதனையும். "பெரிய சோதனைக்கு முன் சின்னச் சோதனை ஏதாவது உண்டா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

4. குடும்ப மரம் வரைந்துகொண்டு போங்கள்

மரபணு ஆலோசகர் முதலில் கேட்பது இதைத்தான். அங்கே போய் யோசித்தால் பாதி மறந்துபோகும். வீட்டிலேயே ஒரு முழு வெள்ளைத்தாளில் மூன்று தலைமுறைக்கு வரைந்துவிடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர் என்றால் உள்ளே கறுப்பு. இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. சொந்தத்தில் திருமணம் என்றால் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு. கருக்கலைந்தவை, குழந்தையிலேயே இறந்தவர்கள், இறந்த வயது, அப்போது சொல்லப்பட்ட காரணம், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் கேட்காதீர்கள். நேரில் போய், வீட்டின் வயதான பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என் மாமியாருக்கு ஒரு தம்பி இருந்தார். பத்து வயதுக்கு மேல் நடக்க முடியாமல் போய் பதினெட்டு வயதில் இறந்தார். 'போலியோ' என்றுதான் குடும்பத்தில் எல்லாரும் சொல்லிவந்தார்கள். என் மனைவிக்குத் தாய்மாமன் அவர். ஆலோசகர் அந்தச் சதுரத்தின் மேல் பேனாவை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. போலியோவில் பலவீனம் ஒரேயடியாக வந்து நின்றுவிடும். இவருக்கு வருடா வருடம் கூடியிருக்கிறது.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் என்று உறவினர்கள் எங்களையும் சொன்னார்கள். நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். இங்கேயும் சொல் தெரிந்தால் நல்லது. 'ஒடுங்கு' வகை நோய்களில், அதாவது ரெஸஸிவ் நோய்களில், குறையுள்ள மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். தலசீமியா மேஜர் அப்படித்தான். சொந்தத்தில் மணந்தால் இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதிலும் தாய்மாமன், அக்கா மகள் திருமணத்தில் அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தைவிட அது இரண்டு மடங்கு. ஆனால் டூஷென் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணுவின் குறை. ஆண் குழந்தைக்கு எக்ஸ் ஒன்றே ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. அப்பா யாராக இருந்தாலும் அதில் மாற்றம் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று ஆலோசகர் தாளில் வரைந்து காட்டினார். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினேன்.

5. எந்தச் சோதனை, எவ்வளவு பணம், எத்தனை நாள்

'ஜெனடிக் டெஸ்ட்' என்பது ஒரே சோதனை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவைப் பார்க்கிறது.

கேரியோடைப் என்பது குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது. டவுன் சிண்ட்ரோமுக்குச் சரி. ஒரு மரபணுவுக்குள் இருக்கும் சிறிய மாற்றம் இதில் தெரியாது. எங்களுக்கு முதலில் ஒரு லேபில் இதைத்தான் எடுத்துவிட்டு 'நார்மல்' என்று கொடுத்தார்கள். ஜெனடிக் டெஸ்ட் நார்மல் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டோம். தேடாத இடத்தில் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

எம்.எல்.பி.ஏ. என்பது ஒரு மரபணுவின் துண்டுகளில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா, இரட்டிப்பாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது. இந்தத் துண்டுகளுக்கு எக்ஸான் என்று பெயர். டூஷென் நோய்க்கான மரபணுவில் 79 எக்ஸான்கள் இருக்கின்றன. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குத் துண்டு விடுபடுவதுதான் காரணம் என்பதால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எங்களுக்கு 8,500 ரூபாய் ஆனது. மூன்று வாரம் என்றார்கள், இருபத்தாறாம் நாள் வந்தது.

அதில் கிடைக்காவிட்டால் என்.ஜி.எஸ்., அதாவது எழுத்தெழுத்தாகப் படிப்பது. ஒரு தொகுதி மரபணுக்களை மட்டும் படித்தால் பேனல். புரதத்துக்கான பகுதிகள் எல்லாவற்றையும் படித்தால் எக்ஸோம். நாங்கள் விசாரித்தபோது தனியார் லேபுகளில் பதினைந்தாயிரத்தில் தொடங்கி நாற்பதாயிரம் வரை சொன்னார்கள், நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். நேரடியாக எக்ஸோம் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். எங்கள் நோய்க்கு அது முதல் படி அல்ல.

பணம் கட்டும் முன் லேபில் கேட்க வேண்டியவை: ரிப்போர்ட்டோடு ஆலோசனை சேர்ந்ததா, தனிக் கட்டணமா? ரா டேட்டாவை, அதாவது சோதனையில் படித்த மூலத் தரவைக் கொடுப்பார்களா? பின்னாளில் மறுபடி அலசிப் பார்க்க அது வேண்டும், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அழித்துவிட்டோம் என்றும் சொல்லலாம். ரத்தம் போதாமல் போனால் மறுபடி எடுக்கப் பணமா? எடுப்பது ஊதா மூடிக் குழாயில் இரண்டு, மூன்று மில்லிதான், வெறும் வயிறு தேவையில்லை. குழாயில் ஒட்டும் பெயரும் வயதும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பின்னால் எல்லா அலுவலகத்திலும் அந்த ரிப்போர்ட்டைத்தான் நீட்டப்போகிறீர்கள்.

தனியார் லேபுக்குப் போகும் முன் அரசு மருத்துவமனை, அறக்கட்டளை வழிகளையும் பாருங்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி.யின் மரபியல் பிரிவு, தசைச்சிதைவு நோய்க்கென்றே கோயம்புத்தூரில் இயங்கும் எம்.டி.சி.ஆர்.சி. ஆகிய இடங்களில் விசாரித்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

6. ரிப்போர்ட்டைப் படிப்பது

முதல் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் முடிவு இருக்கும். அதை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

கண்டுபிடித்த மாற்றத்தை ஐந்து படிகளில் ஒன்றில் வைப்பார்கள். பேத்தோஜெனிக் என்றால் நோய் தருவது. லைக்லி பேத்தோஜெனிக் என்றால் பெரும்பாலும் நோய் தருவது. பினைன் என்றால் தீங்கற்றது. லைக்லி பினைன் என்றால் பெரும்பாலும் தீங்கற்றது. நடுவில் வி.யு.எஸ். இதுதான் ஆளைக் குழப்புவது. இந்த மாற்றம் நோய் தருமா தராதா என்று இன்றைய தேதிக்குச் சொல்ல முடியவில்லை என்று பொருள். வி.யு.எஸ். வந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள், முக்கியமாகக் கர்ப்பத்தைப் பற்றிய முடிவை. பெற்றோரின் ரத்தத்தையும் பார்த்தால் சில நேரம் தெளிவாகும். வருடங்கள் கழித்து மறுபடி அலசினால் வேறு படிக்கு மாறவும் செய்யும்.

அடுத்து, மரபணுவின் இரண்டு பிரதிகளில் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) எத்தனையில் குறை இருக்கிறது என்பது. ஹெட்டிரோசைகஸ் என்றால் இரண்டில் ஒன்றில் மட்டும். ஹோமோசைகஸ் என்றால் இரண்டிலும் ஒரே குறை. காம்பவுண்ட் ஹெட்டிரோசைகஸ் என்றால் இரண்டு பிரதியிலும் குறை, ஆனால் வேறு வேறு குறை. ஹெமிசைகஸ் என்றால் இருப்பதே ஒரு பிரதிதான், அதில் குறை. ஆண் பிள்ளைகளின் எக்ஸ் குரோமோசோமுக்கு இந்தச் சொல் வரும். ஒடுங்கு வகை நோயில் ஒரே ஒரு குறை, ஹெட்டிரோசைகஸ் என்று வந்தால் பெரும்பாலும் அவர் கேரியர், அதாவது குறையைத் தாங்கியிருப்பவர் மட்டுமே. தலசீமியா மைனர் அப்படித்தான். அவர்களுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. ரத்தம் குறைவு என்று பார்த்த உடனே இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் கொடுக்கவும் கூடாது, உடலில் இரும்பு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் ரிப்போர்ட்டில் இருந்த வரி: எக்ஸான் 45 முதல் 50 வரை டெலிஷன் (விடுபட்டது), அவுட் ஆஃப் ஃப்ரேம். கடைசிச் சொல்தான் முக்கியம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டதை இப்படிச் சொல்லலாம். மரபணுவின் எழுத்துகளை உடல் மும்மூன்றாகத்தான் படிக்கும். 'மரம் தினம் பழம் தரும்' என்று ஒரு வரி இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் மூன்று எழுத்து. இதில் 'தினம்' முழுதாக விடுபட்டால் 'மரம் பழம் தரும்'. வரி குறுகியது, பொருள் இருக்கிறது. அதற்குப் பதிலாக 'தி' என்ற ஓர் எழுத்து மட்டும் விடுபட்டு, மிச்சத்தை மும்மூன்றாகவே படித்தால் 'மரம் னம்ப ழம்த ரும்'. அதற்குப் பிறகு எதுவும் புரியாது. முதல் வகை இன் ஃப்ரேம், இரண்டாவது அவுட் ஆஃப் ஃப்ரேம். இன் ஃப்ரேம் என்றால் குட்டையான, ஆனால் ஓரளவு வேலை செய்யும் டிஸ்ட்ரோஃபின் கிடைக்கும், இந்த மரபணுவிலிருந்து வந்து தசையைக் காக்கும் புரதம் அது. அப்போது நோய் பெரும்பாலும் பெக்கர் என்ற மிதமான வகையாகப் போகும். அவுட் ஆஃப் ஃப்ரேம் என்றால் பெரும்பாலும் டூஷென். எத்தனை எக்ஸான் போனது என்பதைவிட இதுதான் கணக்கு.

எக்ஸான் எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எக்ஸான் 51ஐத் தாண்டிப் படிக்கவைக்கும் மருந்து ஒன்றுக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது குறிப்பிட்ட டெலிஷன் உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஆராய்ச்சியில் சேர்ப்பவர்களும் முதலில் இந்த எண்களைத்தான் கேட்பார்கள்.

7. தாய்க்கும் தாயின் சகோதரிகளுக்கும் சோதனை

கேரியர் என்றால் நோயாளி அல்ல, குறையுள்ள ஒரு பிரதியைத் தாங்கியிருப்பவர். டூஷென் உள்ள பையன்களின் தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கேரியர்கள். மற்றவர்களில் அது குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. என் மனைவி கேரியர் என்று வந்தது. அன்று இரவு அவள் "என்னால்தானே" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுடைய தாய்மாமன் பிறப்பதற்கும் முன்பே அந்தக் குறை அந்தக் குடும்பத்தில் இருந்திருக்கிறது. கண்ணின் நிறம்போல வந்தது அது. யாரும் செய்தது அல்ல. இந்தப் பேச்சை ரிப்போர்ட் வரும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள், தந்தை வீட்டாரிடமும்.

தாய் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும்: பிறப்பது பையனாக இருந்தால் பாதி வாய்ப்பு நோய், பெண்ணாக இருந்தால் பாதி வாய்ப்பு கேரியர். ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது என்பது தவறு. கணக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது. தாயின் ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் வாய்ப்பு பூஜ்ஜியம் ஆகிவிடாது, கருமுட்டைகளில் மட்டும் சிலவற்றில் குறை இருக்கலாம். அதனால் அடுத்த கர்ப்பத்தில் சோதனை எடுக்கச் சொல்வார்கள். தாய்க்கு சி.பி.கே. சரியாக இருக்கிறது என்பதை வைத்துக் கேரியர் இல்லை என்று சொல்லவும் முடியாது. குழந்தைக்குக் கண்டுபிடித்த அதே டெலிஷன் தாயிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு 5,000 ரூபாய், இரண்டு வாரம். கேரியர் என்று வந்தால் அந்தப் பெண் தன் இதயத்துக்கு எக்கோ என்ற ஸ்கேனும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பல இடங்களில் சொல்வதே இல்லை.

நேரம் இங்கேதான் நெருக்கும். எங்கள் ரிப்போர்ட் வந்தபோது மனைவியின் தங்கை பத்தாவது வாரக் கர்ப்பம். கருவின் சோதனையை நஞ்சுத் திசுவில் எடுப்பதானால் 11 முதல் 13 வாரத்துக்குள், பனிக்குட நீரில் எடுப்பதானால் பொதுவாக 16 வாரத்துக்கு மேல். அதற்குள் அவள் கேரியரா என்று தெரிய வேண்டும். எங்கள் மகனின் ரிப்போர்ட் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், அடுத்த நாளே அவள் ரத்தம் கொடுத்தாள். அவள் கேரியர் இல்லை என்று வந்தது. இரண்டு மாதம் நாங்கள் தயங்கிச் சொல்லாமல் இருந்திருந்தால் நஞ்சுத் திசுச் சோதனைக்கான நேரம் கடந்துபோயிருக்கும். உறவினரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

கருவில் செய்யும் இந்தச் சோதனை பதிவுபெற்ற மையத்தில்தான் நடக்க வேண்டும். படிவம் ஜி என்ற ஒப்புதல் படிவத்தில் தாய் கையெழுத்திட வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே. குழந்தையின் பாலினத்தைச் சொல்வது சட்டப்படி குற்றம், கேட்காதீர்கள். பாதிப்பு உண்டா, இல்லையா என்பதுதான் பதில். 2021 சட்டத் திருத்தப்படி, 24 வாரத்துக்கு மேல் கருவில் கடுமையான குறை என்றால் மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். எனவே முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே நடையைத் தொடங்குங்கள்.

8. அட்டையும் உதவித்தொகையும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் நோய் எல்லாம் அதில் அடங்கும். 'குழந்தை நடக்கிறானே, அவனுக்கு எதற்கு மாற்றுத்திறனாளி அட்டை' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள்.

யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். நாங்கள் எடுத்துப்போனவை: குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், மரபணு ரிப்போர்ட், சி.பி.கே. ரிப்போர்ட், நரம்பியல் மருத்துவரின் கடிதம். எல்லாவற்றிலும் மூன்று நகல். கடிதத்தில் நோயின் முழுப் பெயரும் 'ப்ரோக்ரஸிவ்' என்ற சொல்லும் இருக்கட்டும். சலுகைகள் பலவற்றுக்குக் குறைபாடு 40 சதவீதம் என்று சான்று வேண்டும். ஆரம்பத்தில் நடக்கும் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படி ஆனால் விட்டுவிடாதீர்கள், நிலை மாறியதும் மறுமதிப்பீடு கேட்கலாம். எங்களுக்கு முதல் முறை 30, பதினொரு மாதம் கழித்து 50.

தமிழ்நாட்டில் தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்குப் புத்தகமும் வேண்டும். குழந்தை பெயரில் கணக்கு இல்லையென்றால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள், அதற்கே ஒரு வாரம் போகும்.

மத்திய அரசின் அரிய நோய்களுக்கான 2021 கொள்கையின் கீழ், குறிக்கப்பட்ட உயர்நிலை மையம் ஒன்றில் பதிவு செய்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவிக்கு வழி இருக்கிறது. நமக்கு எழும்பூரும் பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் பக்கம். பதிவு செய்த எல்லாருக்கும் பணம் வந்துவிடாது, நோய் எந்தப் பிரிவில் இருக்கிறது, சிகிச்சை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆனாலும் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.

9. 'குணமாகும்' என்ற சொல்லைக் கவனியுங்கள்

குணப்படுத்துவது வேறு, நோயின் வேகத்தைக் குறைப்பது வேறு. எங்கள் நோயில் இப்போது கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது: பிரெட்னிசலோன் அல்லது டிஃப்ளசகார்ட் என்ற ஸ்டீராய்டு, தினமும் கால் நீட்டும் பயிற்சி, வருடம் ஒரு முறையாவது இதய எக்கோ, மூச்சு அளவு. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து நாங்கள் நான்கு மாதம் தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டிருக்கக் கூடாது. பக்கவிளைவுகள் உண்டு, எடை கூடும், எலும்பு பலவீனமாகும், மருத்துவரோடு பேசி வழிநடத்த வேண்டும். ஒன்று மட்டும் கட்டாயம்: ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிடாதீர்கள், பையில் ஒரு அட்டை மாத்திரை கூடுதலாகவே இருக்கட்டும்.

ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்டு உங்களைத் தொலைபேசியில் தேடி வருவார்கள். எங்களுக்கு ஒரு வாரத்தில் மூன்று அழைப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில் தசைச்சிதைவு நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அனுமதி இல்லை. அது ஆராய்ச்சி என்றால் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டாலே தொலைபேசியை வைத்துவிடுங்கள். நிலத்தை அடகு வைத்துப் போய்வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

10. ஃபைலின் முதல் பக்கம்

எல்லாக் காகிதத்தையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் அடுக்குங்கள். மரபணு ரிப்போர்ட்டின் மூலப் பிரதியை எந்த அலுவலகத்திலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். செல்போனில் படமாகவும் இருக்கட்டும்.

முதல் பக்கத்தில் ஒரே ஒரு தாள் இருக்க வேண்டும், அவசரத்தில் யார் தூக்கிக்கொண்டு ஓடினாலும் காட்டுவதற்கு. எங்களுடையதில் இருப்பது இவ்வளவுதான்: மகனின் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. டூஷென் தசைச்சிதைவு நோய், எக்ஸான் 45 முதல் 50 வரை டெலிஷன். தினமும் ஸ்டீராய்டு எடுக்கிறான், நிறுத்தக் கூடாது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எப்போதும் கூடுதலாக இருக்கும், அது தசையிலிருந்து வருவது. மயக்க மருந்து கொடுப்பதானால் சக்சினில்கோலைன் என்ற மருந்தைக் கொடுக்கக் கூடாது, முகர வைக்கும் மயக்க வாயுக்களையும் தவிர்க்க வேண்டும். நரம்பியல் மருத்துவரின் எண். கடைசியாக எடுத்த எக்கோவின் தேதி.

போன வருடம் பள்ளியில் விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். வகுப்பு ஆசிரியைதான் தூக்கிக்கொண்டு போனார். அவன் புத்தகப்பையில் இருந்த அந்தத் தாளின் நகலை மயக்க மருத்துவரிடம் நீட்டியிருக்கிறார். அவர் படித்துவிட்டு மருந்தை மாற்றினார். இன்றைக்கே ஒரு நகல் எடுத்து பள்ளிப் பையில் வைத்துவிடுங்கள்.